பத்தரை வரைக்கும் கோல் விழக் கூடாது

பள்ளிக்கூட விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் பந்தை உதைத்தால் கோல்கீப்பர் அதை விட்டுவிட வேண்டும். எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெண்ணுக்குக்கூட இது தெரியும். விருந்தினர் மெதுவாகத் தட்டுவார். கீப்பர் வேண்டுமென்றே தப்பான பக்கம் சாய்வாள். பந்து உருண்டு உள்ளே போகும். எல்லோரும் கைதட்டி முடித்ததும் போட்டோக்காரர் இன்னொரு தடவை அடிக்கச் சொல்வார். அதையும் விட வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்தான் கீப்பர் என்பதால் ஒரு கவுன்சிலர், இரண்டு பேங்க் மேனேஜர்கள், ஒரு கண் டாக்டர் என்று பலரிடம் கோல் வாங்கியிருக்கிறேன். கண் டாக்டரின் பந்து பாதி வழியிலேயே களைத்து நின்றுவிட்டது. நானே ஓடிப் போய் பின்காலால் உள்ளே தள்ளிவிட்டேன். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவள்.

அப்படிப்பட்ட நான் பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை காலை சிறப்பு விருந்தினரின் பந்தை விடவில்லை. ஒரு பந்தை அல்ல, பதினோரு பந்துகளை.

எங்கள் பள்ளி மயிலாப்பூர் குளத்துக்கும் சாந்தோம் கடற்கரைக்கும் நடுவில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. மைதானம் என்று நாங்கள் பெருமையாகச் சொன்னது பாதி மண், பாதி கடல் மணல். இடது மூலையில் ஒரு வாதாம் மரம் ஆட்டத்துக்குள்ளேயே நின்றது. பந்து மரத்தில் பட்டால் த்ரோ. மரத்திலிருந்து காய் விழுந்தால் ஆட்டம் அரை நிமிஷம் நிற்கும், யாராவது தின்று முடிக்கும் வரை. அந்த வருஷம் நிர்வாகம் அந்த மண் முழுவதையும் மூடி சிமென்ட் கல் பதிக்க முடிவு செய்தது. பஸ்கள் நிற்க இடம் வேண்டுமாம். செவ்வாய்க்கிழமையே கற்கள் லாரியில் வந்து மதிலோரம் அடுக்கப்பட்டுவிட்டன. சாம்பல் நிறத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று மாறி மாறிப் பதிப்பார்கள் என்று ஆபீஸ் அக்கா ஆசையாகச் சொன்னார்.

கற்களைத் தந்தது ஒரு பழைய மாணவி. தலைமையாசிரியை அறைக்கு வெளியே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ மாட்டியிருக்கும். பதினோரு பெண்கள், ஒரு கோப்பை, முன்வரிசையில் பந்தின் மேல் கால் வைத்தபடி ஒருத்தி. அவளுடைய இரட்டைப் பின்னலில் ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்கும். அவர்தான். பள்ளிக்கூடக் காலத்தில் அவர் அடித்த கோல்களைப் பற்றி எங்கள் பி.டி. மிஸ் சொல்லாத வாரம் இல்லை. எங்களை அடிக்கக் கையில் பிரம்பு இல்லாததால் அந்த அக்காவை வைத்து அடிப்பார். அந்த அக்கா மழையில் வந்தாள், உங்களுக்கு வெயில் கசக்கிறதா? அந்த அக்கா வெறுங்காலில் ஆடினாள், உங்களுக்கு ஷூ கடிக்கிறதா? படிப்பு முடிந்ததும் அந்த அக்கா ஒரு சின்ன ஷெட்டில் குக்கர் கேஸ்கட் செய்ய ஆரம்பித்து, இப்போது கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியின் தலைவி. பத்திரிகைப் பேட்டிகளில் எல்லாம், வியாபாரத்தைத் தான் கற்றுக்கொண்டது ஃபுட்பால் மைதானத்தில்தான் என்று சொல்வார். அந்த மைதானத்தின் மேல்தான் அவர் தந்த கல் விழப் போகிறது. மைதானம் முழுக்க மூடப் போகிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நாங்கள் நினைத்தோம். 'வளாக மேம்பாடு' என்று கடிதம் போயிருக்கும். அவரிடம் போய்ச் சொல்ல எங்களுக்கு ஏது வழி?

வழி கண்டுபிடித்தவள் எங்கள் கேப்டன். அவள் வீட்டில் மீர்சாகிப்பேட்டையில் கல்யாணங்களுக்கு அண்டா, நாற்காலி, ஷாமியானா வாடகைக்கு விடும் தொழில். இந்த விழாவுக்கும் பந்தல் அவர்களுடையதுதான். அதனால் அழைப்பிதழ் எங்கள் டீச்சர்களுக்கு வரும் முன்பே அவள் கைக்கு வந்துவிட்டது. புதன்கிழமை மதியம் குழாயடியில் அதை என் முன்னால் நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இன்னாடி?"

எனக்குத் தெரியவில்லை.

"மாடவீதியில குந்திக்கினு இது தெரியல உனக்கு. ராகுகாலம். பத்தரைலருந்து பன்னெண்டு."

அவர்கள் வீட்டில் ராகுகாலம் பார்க்க மாட்டார்கள். ஆனால் பார்ப்பவர்களை நம்பித்தான் தொழில். ஆர்டர் நோட்டுக்குப் பக்கத்திலேயே நாள்காட்டி தொங்கும். எந்த முகூர்த்தத்துக்கு எத்தனை அண்டா வெளியே போகும், எத்தனை மணிக்குள் பந்தல் போட்டு முடிக்க வேண்டும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எங்கள் எச்.எம்.மைப் பற்றி எனக்கும் தெரியும். வியாழக்கிழமை மதியம் ஒன்றரைக்கு மேல் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட மாட்டார், மூன்று மணிக்கு வா என்பார்.

அழைப்பிதழில் எல்லாம் கணக்காக இருந்தது. ஒன்பதரைக்குப் பிரார்த்தனை. பிறகு வரவேற்பு, பொன்னாடை, சிறப்புரை. பத்து பத்துக்கு 'மைதானத்தின் கடைசி கோல்'. பத்து இருபதுக்கு முதல் கல் பதித்தல். விருந்தினர் பதினொன்றுக்குக் கிளம்பி ஏர்போர்ட் போக வேண்டும். ஆக, கோல் அடிக்கும் கட்டத்தைப் பத்தரை வரை இழுத்துவிட்டால் அன்றைக்குக் கல் கிடையாது. அடுத்த வியாழன் காலாண்டுத் தேர்வு தொடங்கிவிடும், அப்புறம் மழை. தை பிறக்கும் வரை எந்தக் கொத்தனாரும் மண்ணைத் தோண்ட மாட்டான். அதற்குள் நந்தனத்தில் எங்கள் மண்டலப் போட்டி முடிந்துவிடும்.

ஒரு பந்தை நான் பிடித்தால் அவர் சிரித்துவிட்டுப் போய்விட மாட்டாரா என்று கேட்டேன். போக மாட்டார் என்றாள் கேப்டன். கண் டாக்டர் போவார், கவுன்சிலர் போவார். நிஜமாகவே ஆடின யாரும் ஒரு பந்து மிஸ்ஸானதும் போகவே முடியாது.

"இருபது நிமிஷம்டி. நீ பிடிச்சா போதும்."

"இருபது நிமிஷமா?"

"நீதானே எப்பப் பாரு பிடிப்பேன் பிடிப்பேன்னு சொல்லிக்கினு திரியற?"

வெள்ளிக்கிழமை காலை பி.டி. மிஸ் என்னை ஐந்து தடவை கூப்பிட்டு, விட்டுவிடு என்று சொல்லிவைத்தார். ஐந்து தடவையும் சரி மிஸ் என்றேன். ஐந்தாவது தடவை அவர் என் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

விருந்தினர் மாம்பழ நிறப் பட்டுப் புடவையில், குதிகால் உயர்ந்த செருப்பில், காதில் போனோடு வந்து இறங்கினார். பின்னால் டை கட்டிய ஓர் உதவியாளர். போட்டோவில் இருந்த பெண்ணை நான் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வந்தவர் நேர்த்தியாக இருந்தார். பொன்னாடையை நேர்த்தியாக வாங்கிக்கொண்டார், பூச்செண்டு கொடுத்த குழந்தையின் கன்னத்தை நேர்த்தியாகத் தட்டினார். பேச்சும் அப்படியே. டீம் ஒர்க், லீடர்ஷிப், விஷன். 'லீடர்ஷிப்' மட்டும் பதினான்கு தடவை என்று கேப்டன் எண்ணிச் சொன்னாள். அதில் பிரச்சினை என்னவென்றால், ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார். மணி பத்துகூட ஆகவில்லை.

அணியை அறிமுகப்படுத்த மைக்கைப் பிடித்த கேப்டன் தன்னால் ஆனதைச் செய்தாள். ஒவ்வொருத்தியையும் பெயர், வகுப்பு, பிடித்த பாடம், பிடித்த பழம் என்று விரிவாகச் சொன்னாள். ஏழாவது பெண்ணுக்குச் சீதாப்பழம் பிடிக்கும் என்ற இடத்தில் எச்.எம். தொண்டையைக் கனைத்தார். பத்து ஐந்துக்கு நான் கோலில் நின்றேன். எனக்கு முன்னால் இருபத்தைந்து நிமிஷம் கிடந்தது.

முதல் பந்து எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு வந்தது. இதைப் பிடிப்பதுதான் கஷ்டம். பலமான பந்தைத் தடுத்தால் பழக்கத்தில் தடுத்துவிட்டேன் என்று சொல்லலாம். இது மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது, பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் குனிந்தேன், எடுத்தேன், நெஞ்சோடு வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். கைதட்ட உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. முன்வரிசையில் பழக்க தோஷத்தில் ஒருவர் மட்டும் தட்டிவிட்டார்.

போட்டோக்காரர்தான் முதலில் பேசினார். பாப்பா, அதை விடணும்மா என்றார். எச்.எம். குழந்தைக்குப் பதற்றம் என்று விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்டார். விருந்தினர் பரவாயில்லை என்று சிரித்து இரண்டாவதைக் கொஞ்சம் வேகமாகத் தட்டினார். விழுந்து பிடித்தேன். இப்போது பதற்றம் என்று சொல்ல முடியாது.

அவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக ஓர் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஏம்மா, விடமாட்டியா?"

"மாட்டேன் மேடம்."

போனை உதவியாளரிடம் கொடுத்தார். அது அவன் கையிலேயே அடிக்கத் தொடங்கியது. திரும்பிப் பார்க்காமலே எடுக்க வேண்டாம் என்றார். பொன்னாடை பி.டி. மிஸ்ஸின் தோளுக்குப் போனது. செருப்புகள் கழன்றன. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி, கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஆறடி பின்னால் போனார். அப்போதுதான் போட்டோவில் இருந்த பெண் வந்தாள்.

அந்தப் பந்து என் வயிற்றில் வந்து விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், நான் பிடித்தேன் என்று சொன்னால் பொய். அதை அணைத்துக்கொண்டு மண்ணில் கிடந்தேன். கேப்டன் என்னைத் தூக்கிவிடும் சாக்கில் குனிந்து, மணி பத்து பதினொன்று என்றாள்.

அதற்கப்புறம் எனக்குத் தெரிந்த அத்தனை திருட்டுத்தனத்தையும் செய்தேன். ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன். கண்ணில் மண் என்று குழாயடி வரை போய் வந்தேன். க்ளவுஸைக் கழற்றி உதறி இடதை வலதில் மாட்டி, ஐயோ என்று மறுபடி மாற்றினேன். நான்காவது பந்து மரத்தில் பட்டது. ஐந்தாவதை நான் தட்டிவிட, அது மதிலைத் தாண்டிச் சந்துக்குள் போய், மீன் விற்கும் அம்மாளின் கூடையில் இறங்கியது. பந்து திரும்பி வர நான்கு நிமிஷம். அதில் மூன்று நிமிஷம் அந்த அம்மாள் எங்கள் பள்ளி, நிர்வாகம், எங்களைப் பெற்றவர்கள் எல்லோரையும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து விசாரித்தார். விருந்தினர் அதை ரசித்துக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் பேச்சும் மெல்ல மெல்ல லீடர்ஷிப்பிலிருந்து இறங்கி எங்கள் சந்துக்கு வந்துகொண்டிருந்தது.

"இன்னாமே, காலுக்கு நடுவுல விடட்டா?"

"வுட்டுப் பாருங்க மேடம்."

எச்.எம். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பந்தலுக்கும் மைதானத்துக்கும் நடந்தார். நேரம் ஆயிண்டே இருக்கு மேடம் என்றார். இன்னும் ஒரே ஒரு பால், மிஸ் என்றார் விருந்தினர், ஐந்தாவது தடவையாக. பள்ளிக்கூடம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பிளஸ் டூ அக்காக்கள் அவர் கட்சி, சின்னப் பிள்ளைகள் என் கட்சி.

பத்தாவது பந்தை அவர் வைத்த விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதுவரை எல்லாம் வலது காலில். இது இடதில் வந்தது. நான் ஒரு பக்கம் பறந்துகொண்டிருந்தேன், பந்து மறு பக்கம் சாவகாசமாக உள்ளே போனது. கூட்டம் கத்தியது. போட்டோக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். எச்.எம். ஏற்கெனவே ஒரு கையில் சாந்துக் கரணையும் மறு கையில் ரிப்பன் கட்டிய சிவப்புக் கல்லுமாக ஓடி வந்துகொண்டிருந்தார். நான் கேப்டனைப் பார்த்தேன். உதட்டால் சொன்னாள்: பத்து இருபத்தாறு.

நான்கு நிமிஷம். என் முழங்கை எரிந்தது, வாயில் மண். என்ன யோசித்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"வலது கால்ல ஒண்ணுகூடப் போகலியே மேடம்?"

பி.டி. மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். விருந்தினர் கரணைக்கு நீட்டிய கையை மடக்கினார். ஒரு நிமிஷம் மிஸ் என்று எச்.எம்.மிடம் சொல்லிவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போனார். அந்த ஒரு நிமிஷம் பத்தரையைத் தாண்டி நீண்டது. இரண்டு பந்துகள் அடித்தார், இரண்டும் வலது காலில், இரண்டும் வெறி. ஒன்றை முகத்தால் தடுத்தேன். இன்னொன்றை விரல் நுனியால் தட்டிவிட்டேன். அது உருண்டு வெளியே போய் நிற்கும்போது கேப்டன் பந்தல் காலில் சாய்ந்து நின்று சத்தமாகவே சிரித்தாள். எச்.எம். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கல் பதிப்பது இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளப்படும் என்று மைக்கில் அறிவிப்பு வந்தது.

"ஏன்? கொண்டாங்க, வெச்சுட்டே போறேன்" என்றார் விருந்தினர்.

எச்.எம். எழுந்து வந்து அவர் காதருகே மெதுவாக விஷயத்தைச் சொன்னார். விருந்தினர் மெதுவாகப் பதில் சொல்லவில்லை.

"மிஸ், நான் சாந்தோம் மாதா கோயில் தெரு. எனக்கு ராகுகாலமும் கெடையாது, எமகண்டமும் கெடையாது. ஃப்ளைட்டுதான் கீது."

கேப்டனின் சிரிப்பு நின்றது. ராகுகாலம் பார்க்காத வீட்டிலிருந்து வந்தவள், விருந்தினர் பார்ப்பாரா என்று யோசிக்கவே இல்லை. நானும்தான் யோசிக்கவில்லை. மூன்று நாளாகப் பத்தரை மணியையே பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, கரணை பிடிக்கப் போகிற கையைப் பார்க்கவில்லை. அந்தக் கை இப்போது கரணையை வாங்கிவிட்டது. அவர் வெறுங்காலோடு, தூக்கிச் செருகிய புடவையோடு, சுண்ணாம்பில் வட்டம் போட்டு வைத்திருந்த இடத்துக்கு நடந்தார். கோலுக்கு இரண்டடி முன்னால் இருந்தது அந்த வட்டம்.

"அங்க வேணாம் மேடம்" என்றேன்.

எச்.எம். என் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டார். விருந்தினர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"ஏன் வேணாம்?"

பெரிதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். விளையாட்டு, பெண் குழந்தைகள், எதிர்காலம் என்று அவரே மைக்கில் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருந்தாலும் போதும். எனக்கு வந்தது இதுதான்: "அங்கதான் நான் விழுவேன்."

அவர் வட்டத்தைப் பார்த்தார். என் முழங்கையைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக மதிலோரம் அடுக்கியிருந்த கற்களைப் பார்த்தார், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. முழு மைதானத்துக்கும் போட்டாலும் மிச்சமாகும் அளவுக்கு இருந்தன. அவர் குரல் மாறியது. இது சந்துப் பேச்சும் இல்லை, மைக் பேச்சும் இல்லை. தன் கம்பெனியில் இப்படித்தான் பேசுவார் போலிருக்கிறது, சின்னச் சின்னக் கேள்விகளாக. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். எச்.எம். ஆபீஸ் அக்காவைப் பார்த்தார், ஆபீஸ் அக்கா பி.டி. மிஸ்ஸைப் பார்த்தார். பதில் எனக்கும் கேப்டனுக்கும்தான் தெரியும், ஏனென்றால் பஸ் போன பிறகுதான் எங்களுக்கு ஆட்டம். எட்டு பத்துக்கு வரும், எட்டே முக்காலுக்குப் போய்விடும், மறுபடி மூன்று இருபது. நடுவில் டிரைவர் அண்ணன்கள் லைட் ஹவுஸ் பக்கம் நிழலில் நிறுத்திவிட்டுத் தூங்குவார்கள்.

"அப்ப மிச்ச நேரம் இந்தக் கல்லு யாருக்கு?"

மழை பெய்தால் சேறு, பிள்ளைகளின் ஷூ பாழாகிறது என்றார் எச்.எம். அது நியாயம்தான். சேறு எங்கே என்று கேட்டார் விருந்தினர். கேட்டுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில். அங்கே மட்டும் போட்டால் போதாதா? மிச்சக் கல்லைத் தன் லாரியே வந்து திருப்பி எடுத்துக்கொள்ளும். எச்.எம். நிர்வாகத்தைக் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தார். கல் தன்னுடையது என்றார் விருந்தினர், அவ்வளவுதான். பத்து நாற்பதுக்கு, நல்ல ராகுகாலத்தில், கேட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தச் சிவப்புக் கல்லைப் பதித்தார். எச்.எம். அந்த நேரம் முழுக்க வாதாம் மரத்தைப் பார்த்தபடி நின்றார். திங்கட்கிழமை ராகுகாலம் முடிந்து ஒன்பதே காலுக்கு அதே கல்லைப் பெயர்த்து அதே இடத்தில் தன் கையால் மறுபடி வைத்தார்.

இப்போது அடையாறில் வேலை செய்கிறேன். ஞாயிறு காலைகளில் பாலவாக்கம் கடற்கரையில் கோலில் நிற்கிறேன். அவருடைய பேட்டி எங்கே வந்தாலும் விடாமல் படிக்கிறேன். டீம் ஒர்க் இருக்கிறது, லீடர்ஷிப் இருக்கிறது. வலது காலில் போகாத பதினோரு பந்துகளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அன்றைக்குக் கிளம்பும் முன் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைச் சுட்டிக்காட்டி எச்.எம்.மிடம் சொன்னார்.

"இந்தப் பொண்ணைச் சும்மா விடாதீங்க மிஸ். சீஃப் கெஸ்ட் பந்தைப் பிடிச்சிருக்கா. ரெண்டு நாள் கிளாஸுக்கு வெளிய நிக்கட்டும்."

கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டாள். கார் கதவைத் திறந்தவர் திரும்பினார்.

"பக்கத்துல சிரிக்கிறா பாருங்க, அவளும். டைம் சொல்லிக்கினு இருந்தது அவதான்."

அப்படியாகத் திங்களும் செவ்வாயும் நாங்கள் இரண்டு பேரும் இரண்டாவது மாடி வராந்தாவில் நின்றோம். கீழே கேட்டருகில் கொத்தனார் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். மைதானத்தில் எட்டாம் வகுப்புக்கு பி.டி. பீரியட். அவர்கள் கீப்பர் போஸ்ட்டில் சாய்ந்துகொண்டு மரத்தடியில் இருந்தவளோடு கதை பேசிக்கொண்டிருந்தாள், பந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. கேப்டன் என் கையைப் பிடித்து அழுத்தினாள், வாயைத் திறக்காதே என்று.

திரும்புடி என்று கத்திவிட்டேன். புதன்கிழமையும் நின்றோம்.